50 வயதுக்கு மேல் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ள முடியுமா? படகில் ஏறும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜெர்மன் திரைப்பட இயக்குநர் லெனி ரீஃபன்ஸ்டால் 70 வயதைத் தாண்டிய பிறகுதான் ஸ்கூபா டைவிங் கற்கப் போனார். உண்மையான வயதைச் சொன்னால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று 20 வயதைக் குறைத்துச் சொன்னார். சான்றிதழ் கிடைத்துவிட்டது. பிறகு பல வருடங்கள் கடலுக்கடியில் படமெடுத்து, 2002-ல் தன் 100-வது பிறந்தநாளை ஒட்டி அவற்றை ஒரு படமாகவே வெளியிட்டார். ஹிட்லர் காலத்தில் நாஜிகளுக்குப் பிரசாரப் படம் எடுத்தவர் என்பதால் அவரை யாரும் முன்மாதிரியாகச் சொல்வதில்லை. சொல்லவும் வேண்டாம்.

ஆனால், அவர் சொன்ன அந்தப் பொய் இன்றைக்குத் தேவையே இல்லை. உலகம் முழுக்கப் பயிற்சி தரும் பி.ஏ.டி.ஐ. அமைப்பு, பயிற்சிக்குக் குறைந்தபட்ச வயது 10 என்கிறது. அதிகபட்ச வயது என்று எதுவும் கிடையாது. அமெரிக்காவின் இல்லினாயைச் சேர்ந்த பில் லாம்பர்ட் 98 வயதில் டைவிங் கற்று, 2020-ல் 100 வயதில் ஏரியில் இறங்கி கின்னஸ் சாதனை படைத்தார். அதற்கு முன்பு அந்தச் சாதனையை வைத்திருந்த பிரிட்டனின் ரே வூலி, 2019-ல் 96 வயதில் சைப்ரஸ் கடலில் மூழ்கிக் கிடக்கும் 'ஸெனோபியா' கப்பலுக்கு 42.4 மீட்டர் ஆழம் வரை போய்வந்தார். ஆனால் அவர் 1960-லிருந்தே டைவ் செய்தவர். அந்த ஆழத்தைப் புதிதாகக் கற்கிறவர்கள் கனவில்கூட நினைக்கக் கூடாது.

ஆக, அந்தமான் டிரிப்புக்குப் பிளான் போடும்போது "நானும் டைவ் பண்ணுவேன்" என்று அப்பாவோ அம்மாவோ சொன்னால் சிரிக்க வேண்டியதில்லை. உங்களுக்கே 45 நெருங்குகிறதா? அப்போதும் வயதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். பார்க்க வேண்டிய விஷயம் வேறு. இன்று டைவிங் சென்டர்களில் மக்கள் பொய் சொல்வது வயதைப் பற்றி அல்ல, பிபி மாத்திரையைப் பற்றி.

படகுத் துறையில் நீட்டப்படும் படிவம்

எந்த ஒழுங்கான டைவிங் சென்டராக இருந்தாலும் தண்ணீரில் இறங்கும் முன் ஒரு மருத்துவப் படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். ஒரே ஒரு முறை இறங்கிப் பார்க்கும் அறிமுக டைவ் என்றாலும் இது உண்டு. உலக அளவில் பெரும்பாலான பயிற்சி அமைப்புகள் ஒரே மாதிரிப் படிவத்தைத்தான் பயன்படுத்துகின்றன. முதல் பக்கத்தில் 10 கேள்விகள். 'ஆம்' அல்லது 'இல்லை' என்று குறிக்க வேண்டும். சில கேள்விகளுக்கு 'ஆம்' என்றால் இன்னும் சில துணைக் கேள்விகள் வரும். அவற்றிலும் ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்றால், டாக்டர் கையெழுத்து இல்லாமல் இறங்க முடியாது.

இரண்டாவது கேள்வியே நமக்கானது: உங்களுக்கு 45 வயதைத் தாண்டிவிட்டதா? 'ஆம்' என்றால் நான்கு விஷயங்கள் கேட்கப்படும். புகைபிடிக்கிறீர்களா, அல்லது வேறு வழியில் நிகோட்டின் உள்ளே இழுக்கிறீர்களா (வேப் பிடித்தாலும் கணக்குதான்)? கொலஸ்ட்ரால் அதிகமா? ரத்த அழுத்தம் உண்டா? நெருங்கிய ரத்த உறவில் யாராவது 50 வயதுக்குள் திடீரென்றோ, இதய நோயாலோ, பக்கவாதத்தாலோ இறந்திருக்கிறார்களா, குடும்பத்தில் 50 வயதுக்குள் இதய நோய் வந்திருக்கிறதா?

கடைசிக் கேள்வியை நம் ஆட்கள் வேகமாகக் கடந்துபோய்விடக் கூடாது. தெற்காசியர்களுக்கு மாரடைப்பு முன்கூட்டியே வருகிறது என்பது சும்மா சொல்லும் பேச்சு இல்லை. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளை வைத்து 2007-ல் வெளியான கட்டுரையில், முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசியர்களுக்கு 53, மற்ற நாட்டவர்களுக்கு 58.8 என்று கணக்கிட்டிருந்தார்கள். 'சித்தப்பா 48 வயதில் தூக்கத்திலேயே போய்விட்டார்' என்பது நம் வீடுகளில் சாதாரணமாகக் கேட்கும் வாக்கியம். அந்தப் படிவம் கேட்பது அந்தச் சித்தப்பாவைப் பற்றித்தான்.

மூன்றாவது கேள்வி உடல் தகுதி பற்றியது. 1.6 கிலோமீட்டரை 14 நிமிடத்தில் நடக்கச் சிரமப்படுவீர்களா, அல்லது 200 மீட்டரை நிற்காமல் நீந்தச் சிரமப்படுவீர்களா? கேட்க ஈசியாக இருக்கிறதே என்று தோன்றும். கணக்குப் போட்டால் மணிக்குக் கிட்டத்தட்ட 7 கி.மீ. வேகம். காலையில் பூங்காவில் பேசிக்கொண்டே நடக்கிற வேகம் 5 கூட இருக்காது. ஜிம்மில் டிரெட்மில்லை 6.9-ல் வைத்து 14 நிமிடம் நடந்து பாருங்கள், எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

பத்தாவது கேள்வி, தினமும் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா என்று கேட்கிறது. கருத்தடை மாத்திரைக்கும் சில மலேரியா மாத்திரைகளுக்கும் மட்டும் விலக்கு. பிபி, சுகர், தைராய்டு என எதற்கு மாத்திரை எடுத்தாலும் பதில் 'ஆம்'தான்.

இங்கேதான் சிக்கல். விமான டிக்கெட் போட்டாயிற்று, ஹோட்டல் புக் செய்தாயிற்று, காலை 7 மணிக்குப் படகுத் துறையில் குடும்பத்தோடு நிற்கிறீர்கள். இப்போது 'ஆம்' என்று குறித்தால் டாக்டரைத் தேடிப் போக வேண்டும், படகு கிளம்பிவிடும். பேனா தானாகவே 'இல்லை' பக்கம் போகும். 'எல்லாத்துக்கும் இல்லைனு டிக் பண்ணிடுங்க சார்' என்று அங்கே யாராவது சொன்னால், அந்தப் படகில் ஏறாமல் இருப்பதே நல்லது.

இந்தப் படிவம் ரகசியமான ஒன்றும் இல்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, டாக்டருக்கான வழிகாட்டிக் குறிப்புகளும் கூடவே இருக்கின்றன. டிக்கெட் போடுவதற்கு முன்பே பிரிண்ட் எடுத்து, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கொண்டுபோகலாம். பெரும்பாலான டாக்டர்களுக்கு டைவிங் மருத்துவம் பழக்கமில்லாத விஷயம் என்பதால் அந்தக் குறிப்புகளையும் சேர்த்தே கொடுப்பது நல்லது. அவர் இசிஜி, டிரெட்மில் டெஸ்ட் எடுக்கச் சொல்லலாம். 'ஆம்' என்று குறித்தாலே டைவிங் கிடையாது என்று அர்த்தமில்லை. கட்டுப்பாட்டில் இருக்கும் ரத்த அழுத்தத்தோடு டைவ் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சர்க்கரை நோய்க்கும் கதவு மூடப்படவில்லை. டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க், சுருக்கமாக 'டான்', கடலடி மருத்துவ நிபுணர்களோடு சேர்ந்து 2005-ல் ஒரு வழிகாட்டுதலை உருவாக்கியது. அதன்படி, இறங்குவதற்கு 60 நிமிடம் முன்பு, 30 நிமிடம் முன்பு, இறங்கும் தருணத்தில் என மூன்று முறை சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். அது 150-க்குக் குறையாமலும், இறங்குமுகமாக இல்லாமலும் இருக்க வேண்டும். 15 மீட்டர் ஆழத்தில் லோ சுகர் வந்தால் மிட்டாய் போட்டுக்கொள்ள முடியாது அல்லவா?

தண்ணீருக்குள் இதயத்துக்கு என்ன ஆகிறது?

டைவிங் ஆபத்து என்றதும் சுறா ஞாபகத்துக்கு வரும். அதைவிட இதயத்தைப் பற்றி யோசிப்பது உபயோகமானது. 1992 முதல் 2003 வரை நடந்த 947 பொழுதுபோக்கு டைவிங் மரணங்களை டான் ஆராய்ச்சியாளர்கள் அலசினார்கள். 2008-ல் வெளியான அந்த ஆய்வில், டைவரைச் செயலிழக்க வைத்த பாதிப்புகளில் 26 சதவீதம் இதயம் சம்பந்தப்பட்டவை என்று தெரிந்தது. இதில் ஏற்கெனவே இருந்த இதய நோய்க்கும் 40-ஐத் தாண்டிய வயதுக்கும் தெளிவான தொடர்பு இருந்தது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். கழுத்து வரை தண்ணீரில் இறங்கியதுமே நீரின் அழுத்தம் கை, கால்களில் இருக்கும் ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளுகிறது. கிட்டத்தட்ட 700 மில்லி ரத்தம் இப்படி இடம்மாறும். இதயம் அந்தக் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டும். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் தோலுக்கடியில் ரத்தக் குழாய்கள் சுருங்கி, அழுத்தம் இன்னும் ஏறும். அதற்கு மேல் நீரோட்டத்தை எதிர்த்து நீந்த வேண்டி வந்தால்? நிலத்தில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம். கடலில் அந்த வசதி இல்லை. இந்த ரத்த இடமாற்றத்தால் சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இதற்கான வாய்ப்பு கூடுதல். தண்ணீருக்குள் திடீரென மூச்சுத் திணறலும் இருமலும் வந்தால், 'பயத்தில் வருவது' என்று சமாளிக்காமல் உடனே பயிற்சியாளருக்குச் சைகை காட்டி மேலே வர வேண்டும்.

இதிலேயே இன்னொரு சின்ன விஷயம். நெஞ்சுக்கு ரத்தம் அதிகமாக வந்ததும், உடலில் தண்ணீர் கூடிவிட்டது என்று நினைத்துச் சிறுநீரகம் வேலையைத் தொடங்கிவிடும். நீருக்குள் இறங்கிய கொஞ்ச நேரத்தில் சிறுநீர் முட்டுவது எல்லோருக்கும் நடப்பது. படகில் கழிவறை இருக்காது என்று காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருவார்கள் அம்மாக்கள். அதைச் செய்யவிடாதீர்கள். நீர்ச்சத்துக் குறைவு டைவருக்கு நல்லதல்ல.

மூச்சை மட்டும் அடக்கக் கூடாது

தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்தவர்களின் திறமையே மூச்சை அடக்குவதில்தான் இருந்தது. ஸ்கூபாவில் அது நேர் எதிர். எந்த நிலையிலும் மூச்சை நிறுத்தக் கூடாது என்பதுதான் முதல் பாடம். அதற்கு ஒரு எளிய இயற்பியல் இருக்கிறது.

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடும். அதாவது 10 மீட்டரில் இருக்கும் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, அப்படியே அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரலுக்கு அவ்வளவு இடம் இல்லை. கிழிந்துவிடும். பெரிய ஆழம்கூட வேண்டாம், நீச்சல் குளத்தின் ஆழமே இதற்குப் போதும். முதல் 10 மீட்டரில்தான் விகிதப்படி மாற்றம் அதிகம் என்பதால், 'கொஞ்ச ஆழம்தானே' என்ற நினைப்பு தப்பு.

மெதுவாக மேலே வர வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் கரைந்திருக்கும். சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்தால் நுரை பொங்குவது போல, வேகமாக ஏறினால் அது குமிழ்களாக மாறும். அதனால்தான் நிமிடத்துக்குச் சுமார் 9 மீட்டர் என்ற நிதானத்தில் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்றுவிட்டு வருகிறார்கள். வயது கூடியவர்கள் டைவ் கம்ப்யூட்டரை இன்னும் எச்சரிக்கையான செட்டிங்கில் வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு மூன்று டைவ் என்ற பேக்கேஜை வாங்காமல் இருக்கலாம். அவசரம் இல்லாதவர்களுக்கான விளையாட்டு இது. அந்த வகையில் 25 வயதுக்காரரைவிட 55 வயதுக்காரருக்குப் பொருந்தும்.

போட்டோ டைவ் வேறு, பயிற்சி வேறு

அந்தமானின் ஹேவ்லாக், கர்நாடகத்தின் நேத்ராணித் தீவு போன்ற இடங்களில் சுற்றுலாப் பயணிகள் செய்வது பெரும்பாலும் அறிமுக டைவ். பயிற்சியாளர் உங்களைப் பிடித்துக்கொண்டே அழைத்துப்போவார். 12 மீட்டருக்கு மேல் போக முடியாது. நீச்சல் தெரிய வேண்டியதில்லை. மீனோடு ஒரு போட்டோ, ரீல்ஸுக்கு ஒரு வீடியோ. நல்ல அனுபவம்தான். ஆனால் அதில் நீங்கள் பயணி மட்டுமே.

கற்றுக்கொள்வது என்றால் 'ஓபன் வாட்டர்' கோர்ஸ். பாடம், நீச்சல் குளம் போன்ற அமைதியான நீரில் பயிற்சி, பிறகு கடலில் நான்கு டைவ். முடித்தால் 18 மீட்டர் வரை இன்னொரு டைவரோடு சேர்ந்து போகலாம். வழக்கமாக மூன்று, நான்கு நாட்களில் முடித்துவிடுகிறார்கள். இதற்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். 200 மீட்டர் நீந்த வேண்டும், எந்த ஸ்டைலிலும் நீந்தலாம், நேரக் கணக்கு கிடையாது. பிறகு 10 நிமிடம் மிதந்து காட்ட வேண்டும். ஊர்க் கிணற்றில் குதித்துப் பழகிய அப்பாவுக்கு இது பெரிய விஷயமில்லை. கிணற்றுப் பக்கமே போகவிடாமல் வளர்க்கப்பட்ட அம்மாவுக்குத்தான் இது பெரிய தடை. அவர் முதலில் சேர வேண்டியது பக்கத்துத் தெரு நீச்சல் குளத்தில்.

பெரியவர்களைத் திணறவைக்கும் பயிற்சி ஒன்று உண்டு: முகக் கண்ணாடிக்குள் தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்றுவது. மூக்கில் தண்ணீர் பட்டதும் மூச்சு நின்று, மேலே ஓடத் தோன்றும். 50 வருடப் பழக்கம் ஒரு மதியத்தில் மாறாது. வீட்டிலேயே வாளித் தண்ணீரில் முகத்தை அமிழ்த்தி, ஸ்நார்க்கல் வழியாக வாயால் மட்டும் மூச்சுவிட்டுப் பழகலாம். கூட ஒருவர் இருக்கட்டும். நான்கு நாள் கோர்ஸை ஆறு நாளாக நீட்டித் தரக் கேட்கலாம். பாடத்தை ஆன்லைனிலும், குளத்துப் பயிற்சியைச் சொந்த ஊருக்குப் பக்கத்திலும் முடித்துவிட்டு, கடல் டைவுக்கு மட்டும் தீவுக்குப் போகும் வழியும் இருக்கிறது. பாதியில் நிறுத்திக்கொள்ள விரும்பினால், பயிற்சியாளர் துணையோடு 12 மீட்டர் வரை போக அனுமதிக்கும் 'ஸ்கூபா டைவர்' என்ற சின்னச் சான்றிதழும் உண்டு.

காது விஷயத்தில் பெருமை பார்க்கக் கூடாது. இறங்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதி, காதில் அழுத்தத்தைச் சமன்செய்ய வேண்டும். வலி வந்த பிறகு செய்வதல்ல, வலி வருவதற்கு முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும் செய்வது. அடைத்துக்கொண்டால் கொஞ்சம் மேலே ஏறி மறுபடி முயல வேண்டும். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவ் கிடையாது.

வெள்ளெழுத்தும் படகு ஏணியும்

மருத்துவப் படிவம் கேட்காத சில்லறைத் தொல்லைகளும் இருக்கின்றன. சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் மீட்டரைப் படிக்க முடியவில்லை என்றால் என்ன செய்வது? தண்ணீருக்குள் பொருட்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்றாலும், வெள்ளெழுத்துக்கு அது போதாது. முகக் கண்ணாடியின் உள்பக்கம் கீழே ஒட்டிக்கொள்ளும் சின்ன லென்ஸ் கிடைக்கிறது. பவர் வைத்த முகக் கண்ணாடியும் கிடைக்கிறது. பெரிய எழுத்தில் காட்டும் டைவ் கம்ப்யூட்டர்களும் உண்டு. காற்று மீட்டரைப் படிப்பது இந்த விளையாட்டில் உயிர் சமாச்சாரம் என்பதால் இதை ஊரிலேயே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது முட்டி. தண்ணீருக்குள் எடையே தெரியாது. கஷ்டம் வெளியே வரும்போதுதான். காற்று நிரப்பிய அலுமினிய சிலிண்டர் மட்டும் சுமார் 17 கிலோ. அதை முதுகில் வைத்துக்கொண்டு ஆடும் படகின் ஏணியில் ஏறுவது முட்டிக்கும் இடுப்புக்கும் நல்லதல்ல, மூச்சு வாங்கியிருக்கும் இதயத்துக்கும் நல்லதல்ல. தண்ணீரிலேயே சிலிண்டரைக் கழற்றிப் படகில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு, வெறும் ஆளாக ஏறலாம். மாட்டிக்கொள்வதையும் தண்ணீரில் வைத்தே செய்யலாம். இதைக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. முன்கூட்டியே சொன்னால் எந்த நல்ல சென்டரும் செய்து தரும். முகம் சுளித்தால் வேறு சென்டர் பார்க்கலாம். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, பக்கத்தில் மறுஅழுத்த அறை எங்கே இருக்கிறது என்ற மூன்று கேள்விகளையும் அந்தப் போன் காலிலேயே கேட்டுவிடலாம்.

ரிட்டர்ன் டிக்கெட்டைக் கவனித்துப் போடுங்கள்

உடலில் கரைந்த நைட்ரஜன் முழுவதும் வெளியேற நேரம் பிடிக்கும். விமானத்துக்குள் அழுத்தம் தரையைவிடக் குறைவு. அதனால் ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரமும், தொடர்ந்து பல டைவ் செய்திருந்தால் குறைந்தது 18 மணி நேரமும் கழித்தே பறக்க வேண்டும் என்பது விதி. மலைக்கும் இதே கதைதான். புதுச்சேரியில் டைவ் செய்துவிட்டு அன்று ராத்திரியே கொடைக்கானலுக்குக் கார் எடுப்பது ஆபத்து.

கோர்ஸின் கடைசி டைவ் மதியம் 2 மணிக்கு முடிந்தால், மறுநாள் காலை 8 மணிக்கு முன்னால் விமானம் வேண்டாம். ஒரு நாள் முழுசாக விட்டுவிட்டு டிக்கெட் போடுவது இன்னும் நல்லது. அந்த ஒரு நாளை செல்லுலார் சிறையைப் பார்க்க வைத்துக்கொள்ளலாம்.